புதன்கிழமைகளில் யாருடன்?

ஜனவரி 8

அன்புள்ள வாயாடிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். ஃபோனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஃபோனில் பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிறது. அரசாங்கத்தின் கேமரா அறையில் வேலை பார்ப்பவன் வெளியே எதையும் உளறிவிடக் கூடாதாம். நான் உன்னிடம் கொஞ்சுவதை எவனோ ஒருவன் காதில் மாட்டிக்கொண்டு கேட்பான் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. புருஷன் பெண்டாட்டி பேச்சு நாலு சுவருக்குள் இருக்க வேண்டும். கடிதங்களைப் பிரிப்பதில்லை, விசாரித்துவிட்டேன். ஆகவே எழுது.

இங்கே ஒரு சுவர் முழுக்கத் திரைகள். என் மேசையில் ஒரு கைப்பிடி. லேசாகத் திருப்பினால் எங்கோ ஓர் ஊரில் கம்பத்தின் மேலிருக்கும் கேமரா தலையைத் திருப்புகிறது. சந்தேகமான வண்டி என்றால் அதன் எண்ணைக் கவனிப்புப் பட்டியலில் ஏற்றலாம். காரணம்கூட எழுத வேண்டாம். திரையிலேயே ஏழெட்டுக் காரணம் வரிசையாக இருக்கும், ஒன்றைத் தொட்டால் போதும். பிறகு அந்த வண்டி எந்தக் கம்பத்தைக் கடந்தாலும் மணி அடிக்கும். நேற்றுச் சந்தையில் தொலைந்துபோன ஒரு சின்னப் பெண்ணை நாங்கள்தான் கண்டுபிடித்தோம். அவள் அம்மா ஓடிவந்து அவளைத் தூக்கியதைத் திரையில் சத்தமில்லாமல் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல வேலைதான்.

உன்னைத் தினமும் பார்க்கிறவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. உங்கள் பரிசோதனைக் கூடத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு வருகிறவன் எல்லாம் கொடுத்துவைத்தவன். ஊசியால் குத்தினாலும் கையைப் பிடிக்கிறாயே!

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்

*

ஜனவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நலம். அத்தைக்கு முழங்கால் தேவலை. மாடிக்குப் போகாதீர்கள் என்று சொன்னேன். "அவன் அங்க உக்காந்து என் காலைப் பத்திக் கவலைப்பட வேணாம், சாப்பாட்டை ஒழுங்காச் சாப்பிடச் சொல்லு" என்றார். சாப்பிடுகிறீர்களா?

கையை நீட்டுகிறவர்கள் மேல் பொறாமையா? நேற்று வந்தவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி என் காலடியிலேயே விழுந்துவிட்டார். அவர் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்களா? யார் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் டாக்டரம்மா அதில் கறார். குழாயில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். முடிவு வந்தால் காகிதத்தை மடித்துக் கையில் கொடுக்க வேண்டும். தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கடைத்தெருவில் பார்த்தால் "சௌக்கியமா?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

நம் தெருவிலும் கம்பம் நட்டுவிட்டார்கள். மருந்துக்கடை முனையில் ஒன்று, துணி தேய்ப்பவர் வண்டிக்கு எதிரில் ஒன்று. மருந்துக்கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம், இனித் திருட்டுப் பயமில்லையாம். தேய்ப்பவர்தான் பாவம், சொறிந்துகொள்ளக்கூடத் திரும்பி நிற்கிறார். அத்தை ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது உங்களுக்குத் தெரியுமே. "எனக்குப் போட்டியா ஒண்ணு வந்திருக்கு பாரு" என்கிறார்.

அந்த அறையில் பெண்களும் வேலை பார்க்கிறார்களா? சும்மாதான் கேட்டேன்.

உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் நலத்துக்கும் அம்மாவின் நலத்துக்கும் எழுது.

இங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருக்கிறது, இன்னொருவர் யாரிடமும் பேசுவதில்லை. போதுமா?

வேலையில் கொஞ்சம் மாற்றம். எனக்கு வேறு வரிசைத் திரைகளைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி விவரமாக எழுதக் கூடாது.

உனக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. தெருவில் நடக்கும்போது நிமிர்ந்து, வேகமாக நட. நின்று நின்று எல்லோரிடமும் பேசிக்கொண்டு போனால் நாலு பேர் நாலு விதமாக நினைப்பார்கள். தேய்ப்பவரிடம் அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது? குடையின் கம்பி ஒடிந்து தொங்குகிறது, அதை மாற்றிவிடு, பார்க்க நன்றாக இல்லை. புதன்கிழமைகளில் மட்டும் வேலை அவ்வளவு நேரம் ஆகிறதா என்ன?

பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு கதை சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒருவன் வெளியூரில் வேலை பார்த்தானாம். மாதாமாதம் பணம் அனுப்பினானாம். அவன் மனைவி அன்பாகத்தான் கடிதம் எழுதுவாளாம். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனானாம். மீதியை நான் எழுதவில்லை. கதை கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நம்மைப் பற்றி ஒன்றும் இல்லை, சும்மா சொல்கிறேன்.

உன் அத்தான்

*

மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியதைப் படித்து அத்தை இரண்டு நாளாகப் புலம்புகிறார். கதை கேட்பதை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்.

தேய்ப்பவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அதைத்தான் பேசினேன். நீங்கள் இருந்தால் நீங்களும் நின்று பேசியிருப்பீர்கள், உங்களுக்கு வாய் என்னைவிட நீளம்.

குடையை மாற்றிவிட்டேன். ஆனால் அது ஒடிந்ததை நான் எழுதவே இல்லையே? அத்தை சொன்னாரா என்று கேட்டேன். "அவன்கிட்ட நான் என்னிக்குப் பேசினேன்? ஃபோன்ல பேசினா எவனோ கேப்பான்னு அவன்தானே பேச வேணாம்னான்" என்கிறார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள்.

புதன்கிழமை வேலை அதிகம்தான்.

மாமரத்துக்குப் பின்னாலிருக்கும் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. உங்கள் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மட்டும் இன்னும் உங்கள் வாசனை இருக்கிறது, அதைத் துவைக்கவில்லை.

உங்கள் வாயாடி

*

மார்ச் 9

வாயாடிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

நம் ஊரிலிருந்து ஒரு நண்பன் வந்திருந்தான். உனக்குத் தெரியாது, பள்ளியில் என்னோடு படித்தவன். அவன்தான் குடையைப் பற்றிச் சொன்னான். இன்னும் ஒன்றும் சொன்னான். புதன்கிழமை சாயங்காலம் மருந்துக்கடை முனையில் ஒருவன் சாம்பல் நிற ஸ்கூட்டரில் வந்து நிற்கிறானாம். நீ அவன் பின்சீட்டில் ஏறிப் போகிறாயாம். ஒரு வாரம் இல்லை, ஒவ்வொரு வாரமும். கையில் நீல நிறத்தில் ஏதோ பெட்டி. போகும்போது சிரிக்கிறாயாம். குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாயாம்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நான் ஏதாவது கிண்டல் செய்தால் அப்படித்தான் சிரிப்பாய். அது என்னுடைய சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் அப்படி என்ன பெரிய நகைச்சுவை சொல்கிறான்? எனக்கும் எழுதேன், நானும் சிரிக்கிறேன். இங்கே சிரிக்க ஒன்றுமே இல்லை. "புதன்கிழமை வேலை அதிகம்தான்" என்று ஒரே வரியில் எழுதினாயே, குழாயைப் பற்றியும் சட்டையைப் பற்றியும் எழுத மட்டும் இடம் இருந்ததா?

எனக்குப் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். பொறாமைப்படாமல் இருக்க நான் என்ன கல்லா?

உடனே பதில் எழுது.

*

மார்ச் 30

அத்தானுக்கு,

நாங்கள் நலம். உங்கள் உடல்நலத்துக்கு எழுதுங்கள்.

உடனே பதில் எழுதச் சொன்னீர்கள். எனக்கு ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. உங்கள் நண்பர் சொன்னதை ஒவ்வொன்றாக யோசித்தேன். சாயங்காலம் அந்த நேரத்தில் மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போயிருப்பார். எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடத்து மதில். தெருவில் வருகிறவர்களுக்கு என் முதுகுதான் தெரியும். நான் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் அது தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கம்பம்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அதன் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது.

அது நீங்கள்தானே?

என்னைத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதில் குளியலறைக் கதவை யாரோ தள்ளியதுபோல இருந்தது. இரண்டு மாதமாக நான் அந்தத் தெருவில் மூக்கைத் துடைத்தது, செருப்பு வார் அறுந்து நொண்டியது, தனியாகப் பாடிக்கொண்டு வந்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. அத்தையும்தான் ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிறார். ஆனால் நான் நிமிர்ந்தால் அவர் முகம் தெரியும், கையாட்டுவார், "எங்க போற?" என்று கேட்பார். உங்கள் முகத்தை நான் எங்கே பார்ப்பது?

நீங்கள் பேசுவதை ஒருவன் கேட்பான் என்று நினைத்தாலே உங்களுக்கு உடம்பு கூசுகிறதல்லவா? எனக்கும் அதே உடம்புதான்.

ஸ்கூட்டரில் வருகிறவர் யார் என்று எழுதமாட்டேன். தப்பு செய்துவிட்டுப் பயந்து மறைக்கவில்லை. அது என்னுடைய விஷயமில்லை, இன்னொருவருடையது. டாக்டரம்மாவுக்குத் தெரிந்துதான் போகிறேன். இதற்குமேல் என்னை நம்புங்கள்.

இனி அந்தத் தெருவில் போகமாட்டேன். பின்பக்கச் சந்தில் கம்பம் இல்லை.

வாயாடி

*

ஏப்ரல் 8

வாயாடிக்கு,

நலமே.

நீ நினைப்பதுபோல ஒன்றும் திருட்டுத்தனம் இல்லை. நம் ஊரும் எங்கள் அறையோடு சேர்ந்துவிட்டது. அந்தத் தெரு என் வரிசையில் வருகிறது. பார்ப்பது என் வேலை, அதற்குத்தான் சம்பளம். எல்லோரையும் பார்க்கும்போது உன்னை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட முடியுமா? சொன்னால் நீ சங்கடப்படுவாய் என்றுதான் நண்பன் என்று எழுதினேன்.

நீதான் சொல்லேன், தப்பு செய்யாதவருக்கு யார் பார்த்தால் என்ன? தொலைந்துபோன அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாவிடம் போய்க் கேமரா வேண்டாம் என்று சொல், அடிக்க வருவாள். மடியில் கனமில்லாதவர்கள் பெரிய தெருவிலேயே போகலாம். நீ சந்துக்குள் ஏன் போனாய்? போன புதன்கிழமை கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நீ எங்கும் இல்லை. முன்பாவது சிரிக்கிறாய் என்று தெரிந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை. அந்தச் சந்தில் ஒரு தெருவிளக்குகூடக் கிடையாது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

ஸ்கூட்டர் மட்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கவலைப்படாதே, நீ சொல்லாவிட்டால் என்ன, தெரிய வேண்டியது தானாகத் தெரிந்துவிடும்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

அத்தான்

*

மே 14

அத்தானுக்கு,

அத்தைக்கு மறுபடி முழங்கால் வீங்கியிருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது.

போன மாதக் கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் ஸ்கூட்டர்காரர் வீட்டுக்குப் போனார்கள். வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். "உங்க வண்டி எண் பட்டியல்ல இருக்கு. வாரா வாரம் ஒரு பெட்டி கைமாறுது. பெட்டியில என்ன? எதுக்கு அடிக்கடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு ஒரு பையோட வர்றீங்க? யாருக்கு?" என்று கேட்டார்கள். உள்ளே வந்து பேசுங்கள் என்று மட்டும் அந்த மனிதர் கெஞ்சினார். "இங்கயே சொல்லுங்க" என்றார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஜீப்பில் ஏறச் சொன்னபோது அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "அவரை விடுங்க, எனக்குத்தான்" என்று சொல்லி நோயின் பெயரையும் சொன்னார். அத்தனை பேர் நடுவில், தன் வாயாலேயே.

நான் அந்தப் பெயரை இப்போதும் எழுதமாட்டேன். ஒட்டிக்கொள்ளாத நோய்தான். ஆனால் பெயரைக் கேட்டாலே ஆட்கள் எட்டி நிற்பார்கள். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தால் யாராவது பெற்றோர் பார்த்துவிடுவார்கள் என்றுதான் வாரம் ஒருமுறை நான் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்தேன். நீலப் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவருவேன். இதுதான் உங்கள் புதன்கிழமை.

வழியில் அவர் சொன்னதெல்லாம் மனைவியின் குறும்புகள்தான். மாத்திரையைச் செடித்தொட்டியில் புதைத்தது, ரத்தம் எடுக்க வந்த என்னைக் கொசு என்று பெயர் வைத்து அழைப்பது. நான் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நான் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தால் அந்த அம்மாவுக்குப் பயம் குறையுமாம்.

அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்து வேலை போய்விட்டது. வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார். போன வாரம் லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியனுப்ப நானும் அத்தையும் மட்டும் போனோம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேம்மா, எனக்குத் தெரியும்" என்றார். எனக்குச் செத்துவிடலாம்போல இருந்தது.

திரையில் ஏழெட்டுக் காரணம் வரிசையாக இருக்கும் என்று முதல் கடிதத்தில் எழுதினீர்களே, அதில் பொறாமை என்று ஒன்று உண்டா?

ஒரே ஒரு கேள்வி. சுற்றி வளைக்காமல் ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். அந்த எண்ணைப் பட்டியலில் ஏற்றியது நீங்களா?

*

ஜூன் 11

என் அன்பு வாயாடிக்கு,

உனக்குக் காய்ச்சல் என்று படித்ததும் பதறிவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

அந்தக் குடும்பத்தை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. போலீஸ்காரர்கள் உள்ளே போய் மெதுவாகக் கேட்டிருக்கலாம். பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த அறையில் எத்தனையோ பேர் எத்தனையோ எண்களை ஏற்றுகிறார்கள். எது யாருடையது என்று சொல்வது கடினம். வேலை விஷயத்தை எழுதவும் கூடாது. நடந்தது நடந்துவிட்டது, அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்போது ஒரு நல்ல செய்தி. கேட்டால் உன் கோபமெல்லாம் பறந்துவிடும். போன வாரம் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். கவனமாக வேலை செய்ததற்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். இந்தக் காலாண்டில் ஆறு பேருக்குத்தான் கிடைத்தது. அதோடு, என் விருப்பத்தைக் கேட்டார். வாயைத் திறப்பதற்குள், "சொந்த ஊர்தானே வேணும்? போய்ட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்! நம் ஊரிலேயே புது அறை திறக்கிறார்கள். ஜூலை முதல் தேதி வருகிறேன். இனிப் பிரிவே கிடையாது. பக்கத்திலேயே இருந்தால் எனக்கு எந்தச் சந்தேகமும் வராது, பார்த்துக்கொண்டே இரு.

அந்த ஸ்கூட்டர்காரர் போன ஊரிலிருந்து உனக்கு ஏதாவது எழுதினாரா? சும்மாதான் கேட்டேன்.

என்றும் உன் அத்தான்

*

ஜூன் 24

அத்தானுக்கு,

எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அத்தைக்கு ஒத்தடம் கொடுக்கிறேன், வீக்கம் வடிந்திருக்கிறது.

நல்ல செய்தியைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். எது யாருடையது என்று சொல்வது கடினம் என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே பாராட்டு வாங்கியதை எழுதியிருக்கிறீர்கள். போலீஸ்காரர்கள் வீட்டுக்கே போய் விசாரிக்கும்படி ஒரு எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், யாருடைய கையைக் குலுக்குவார்கள்? எனக்கு வேண்டியிருந்த "ஆமாம்" கிடைத்துவிட்டது. அதை நீங்கள் சந்தோஷமாக எழுதியதுதான் தாங்கவில்லை.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். பிப்ரவரியிலேயே ஜன்னலிலிருந்து அவரும் அந்த ஸ்கூட்டரைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே என்னை நிறுத்தி, "யாரும்மா அந்த ஆளு?" என்று கேட்டார். "ஒரு நோயாளி வீட்டுக்காரர், இதுக்குமேல கேக்காதீங்க அத்தை" என்றேன். "சரி, காபி ஆறுது, குடி" என்றார். அவ்வளவுதான். அவர் உங்களைப் பெற்றவர், என்மேல் உங்களைவிடச் சந்தேகப்பட உரிமை உள்ளவர். ஒரு கேள்வியோடு முடித்துக்கொண்டார்.

முதலாம் தேதி வாருங்கள். உங்கள் வீடு, உங்கள் அம்மா. சட்டைகள் அலமாரியில் மேல்தட்டில் இருக்கின்றன, எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன். அத்தையின் மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

நான் அங்கே இருக்கமாட்டேன். டாக்டரம்மா வேறு ஊரில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குச் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு அறை பார்த்தாகிவிட்டது. உங்களை வெறுக்கிறேனா என்று கேட்டால் இல்லை. வெறுத்திருந்தால் இதைவிடச் சுலபமாகக் கிளம்பியிருப்பேன். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியவில்லை.

எந்த ஊர் என்று எழுதவில்லை. அங்கேயும் கம்பங்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்க்கவில்லை. நீங்கள் நினைத்தால் வந்த அன்றைக்கே கைப்பிடியைத் திருப்பி என்னைக் கண்டுபிடித்துவிடலாம். உங்களைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, பூட்ட ஒரு கதவுகூட இல்லை. அதனால்தான் கேட்கிறேன், என்னைத் தேடாதீர்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.